நாலாவது வேலை

"வேண்டாம்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்று கோகிலவாணி கணவனின் காதருகே குனிந்து சொன்னாள். குரலை அடக்கித்தான் சொன்னாள். கதவுக்கு வெளியே, சந்துக் குழாயடியில், அவனுடைய அண்ணன் பூலோகம் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "மாத்திரை போட்டதுக்கு, சாப்ட்டதுக்கெல்லாம் இன்னைக்கு அடிக்காண்டாம். அதை அத்தான் பாத்துக்கிடுவாக. ஊருக்குப் போக மனசில்லன்னா மட்டும் அடிங்க. என் டீ நேரத்துக்குள்ள அடிக்கலன்னா, போறதுக்கு சரின்னு எடுத்துக்கிடுதேன். வெளங்குதா?"

"ஆங்" என்றான் சுடலைக்கண்ணன்.

அவன் எதற்கும் ஆங்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனபோது, ஏதோ பாவம் பார்த்ததுபோல இந்த ஒரே ஒரு சத்தத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆங். டிவியை நிறுத்தென்றாலும் ஆங். கொசு கடித்தாலும் அதே ஆங். ஏற்ற இறக்கத்தை வைத்து அர்த்தம் பிரிக்க கோகிலவாணி பழகிவிட்டாள். மற்றவர்கள் காதில் அது சம்மதம் போலத்தான் விழும். ஷகீல் பாயின் தோல்பை பட்டறையில் கட்டிங் மாஸ்டராக நின்ற நாளில் ஒரு கேள்விக்கு நாலு பதில் சொல்லி, அதில் ரெண்டை அவனே மறுக்கிற வாய் அது. இப்போது யார் எதைக் கேட்டாலும் ஆங் என்று பதில் வந்துவிடுவதால் எல்லோரும் திருப்தியாகத் திரும்பிப் போகிறார்கள்.

பூலோகம் கெட்டவர் என்றால் அவளுக்கு எல்லாமே சுலபமாக இருந்திருக்கும். வள்ளியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். தம்பியைப் பார்க்க வந்தவர், ரெண்டு நாள் அந்த ஒற்றை அறைக் கோலியில் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் பார்த்தார். விடியுமுன் கோகிலவாணி வேலைக்குப் போவதையும், பாதி சாத்திய கதவுக்குள் தம்பி சாயங்காலம் வரை தனியாகக் கிடப்பதையும், பக்கத்து கோலி ஃபர்ஸானா அவ்வப்போது தலையை நீட்டி எட்டிப் பார்ப்பதையும் பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்ல ஆளும் பேருமா இருக்கு தாயி. அவன் அங்க கெடக்கட்டும். நீ லீவு கெடைக்கும்போது வந்து பாத்துட்டுப் போ. ஒன்னையும் பாக்கேன்லா, நீ என்ன இரும்பா?"

அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்த நினைப்பு தூக்கம்தான். நடுவில் யாரையும் தூக்கி உட்காரவைக்க வேண்டாத, யாரும் ஆங் என்று கூப்பிடாத ஒரு முழு ராத்திரித் தூக்கம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்ந்து ஆசையாகவும் இருந்தது. தம்பியிடம் பூலோகம் கேட்டார்: "என்னடே, வாரியா?" ஆங் என்று பதில் வந்தது. அன்றைக்கே, இன்றைய தேதிக்குத் தாதரிலிருந்து ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று.

ஆனால் சுடலைக்கண்ணன் அண்ணனிடம் வேறெதைச் சொல்ல முடியும்? பேச்சு இருந்த காலத்திலேயே அவன் அண்ணன் முன்னால் நிமிர்ந்து முடியாது என்று சொன்னதில்லை. அப்பா போனபிறகு படிக்கவைத்ததும், பம்பாய்க்கு ரயில் ஏற்றிவிட்டதும், கல்யாணம் பண்ணிவைத்ததும் அவர்தான். தலையை இடவலமாக ஆட்டுவதற்குக் கழுத்தில் தெம்பு இருந்தாலும் அண்ணன் முகத்துக்கு நேரே அது ஆடாது. அதனால்தான் இந்த மிஸ்டு கால் ஏற்பாடு. அவர் முகத்தைப் பார்க்காமல், சத்தமில்லாமல், இடதுகைக் கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சயானில் ரயில் ஏறி, ஜன்னலோரம் ஒருத்தியின் ஈரக்குடைக்கும் இன்னொருத்தியின் டப்பாப் பைக்கும் நடுவில் நசுங்கி நிற்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. போக இஷ்டமிருந்தால் அடிங்க என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல், சும்மா இருந்தாலே போவதாக அர்த்தம் என்று ஏன் வைத்தோம்? பதில் அவளுக்குத் தெரியும். தானே ஸ்டேஷன் வரை அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

தானேயில் இறங்கி ஐரோலி லோக்கலுக்கு மாறும்போது மழை வலுத்திருந்தது.

ஐரோலியில் அவள் வேலை பார்ப்பது ஃபோன் கம்பெனியில் அல்ல. ஃபோன் கம்பெனியின் இயந்திரங்களை அதற்காகப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு கம்பெனியில். வாடிக்கையாளர்களின் நம்பர்கள் திரையில் ஓடுகிற இடம் என்பதால் உள்ளே யாரும் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே அணைத்து, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஊரில் எல்லோருடைய ஃபோனும் வேலை செய்கிறதா என்று பார்க்கிற பெண்ணின் ஃபோன் மட்டும் பகல் முழுக்கச் செத்துக் கிடக்கும். டீ நேரத்தில் வெளியே வந்து அதற்கு உயிர் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வந்து விழும். உங்கள் ஃபோன் அணைந்திருந்தபோது இன்ன நம்பரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது என்று. சுடலைக்கண்ணன் சாப்பிட்டான், மாத்திரை போட்டான், நன்றாக இருக்கிறான் என்று அதற்குப் பொருள். அந்தப் பக்கம் அவனுக்கு மணிகூட அடிக்காது. அணைந்த ஃபோன் என்பதால் ஒரு பெண்குரல் ஹிந்தியில் வருத்தம் தெரிவிக்கும், அப்புறம் மராத்தியில், அப்புறம் இங்கிலீஷில். அவன் வெட்டாமல் கடைசிவரை கேட்டுவிட்டு அவளுக்கும் ஒரு ஆங் சொல்கிறான் என்று ஃபர்ஸானா சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்படித்தான் ரெண்டு வருஷமாக அவர்கள் பகலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மெசேஜை அனுப்புகிற வேலையும் அவள் பார்த்துக்கொள்ளும் சர்வரில்தான் நடந்தது. ஃபோன் என்றால் ஒருவர் கூப்பிட, இன்னொருவர் எடுக்க, அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து, இந்த ஆள் பேசிக்கொண்டிருக்கிறார், காத்திருக்கச் சொல், அந்த ஆளின் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்ய ஒரு சர்வர் வேண்டும். முன்பு இப்படி நாலு வேலைக்கு நாலு சர்வர் இருந்தன. சாதாரண ஜனங்களின் அழைப்பைக் கவனிக்க ஒன்று. ஒரே நம்பரில் ஐம்பது மேஜை வைத்திருக்கிற ஆபீஸ்களுக்கு ஒன்று. பலபேர் சேர்ந்து பேசும் கான்ஃபரன்ஸுக்கு ஒன்று. மிஸ்டு கால் சேதி சொல்ல ஒன்று. போன வருஷம் மேலிடத்துக்குக் கரண்ட் பில்லும் வாடகையும் கண்ணை உறுத்தின. நாலையும் ஒரே இயந்திரத்தில் ஏற்று என்றார்கள். அதற்கு நோடு என்று பேர், அது செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் ரோல் என்று பேர். இயந்திரங்களோடு நாற்காலிகளும் ஒன்றாயின. மூன்று பேர் பார்த்ததைக் கோகிலவாணி ஒருத்தி பார்க்க ஆரம்பித்தாள். நோடுக்காவது எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று காட்டத் திரையில் ஒரு பச்சைக் கோடு இருந்தது.

அப்போது ஒரு கேள்வி வந்தது. நாலு வேலையும் ஒரே தலையில் ஏறி, பாரம் தாங்காமல் போனால் எதை முதலில் கீழே போடுவது? இயந்திரம் தானாக முடிவு செய்யாது, வரிசையை மனுஷர்கள்தான் சொல்லிவைக்க வேண்டும். வரிசை போட்டவள் கோகிலவாணி. அதைப் பார்த்துத் தலையாட்டியவர் அவளுடைய மேனேஜர் சாய்நாத். மாட்டுங்காக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடுகிற மனுஷர்.

"இந்த வாட்ஸாப் காலத்துல மிஸ்டு கால் அலர்ட்டையெல்லாம் யாரு பாக்கறா?" என்று அன்றைக்கு அவர் கேட்டார். "பேசாம எடுத்துடலாமா அதை?"

"இருக்கட்டும் சார். கடைசியில போட்டுக்கலாம், பாரம் ஏறினா முதல்ல அதை விட்டுடலாம்" என்றாள் அவள்.

என் வீட்டில் அதை வைத்துத்தான் சார் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஆபீஸில் யாருக்கும் சுடலைக்கண்ணனுக்குப் பேச்சு வராதென்று தெரியாது. வீட்டுக்காரர் ரெஸ்ட்டில் இருக்கிறார் என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். விஷயம் தெரிந்தால் முதலில் ஐயோ என்பார்கள், மறுநாளிலிருந்து குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். மூன்று நாற்காலி ஒன்றாகிற நேரத்தில், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அடிக்கடி லீவு கேட்பவள் என்று பேர் வாங்கினால், மிஞ்சும் அந்த ஒரு நாற்காலியில் அவள் உட்கார முடியாது. வாயை மூடிக்கொண்டு தன் வீட்டு விஷயத்தைத் தானே கடைசி வரியில் போட்டாள். சோதனை நாளில் எவ்வளவு பாரம் ஏற்றியும் பச்சைக் கோடு பாதியைத் தாண்டவில்லை. அப்படியொரு நாள் வரவே வராது என்று அவளும் நம்பினாள், சாய்நாத்தும் நம்பினார்.

அந்த நாள்தான் இது. காலையிலிருந்து கொட்டிய மழையில் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளம் முழுகிவிட்டது. ஸ்கூல்களைப் பாதியில் விட்டார்கள். கல்யாண் பக்கம் ரயிலிலேயே மாட்டிக்கொண்டவர்கள், பிள்ளையைக் கூட்டிவரப் போனவர்கள், போனவர்களைத் தேடுகிறவர்கள் என்று ஊரே ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்தது. ஆபீஸ்களெல்லாம் வீட்டிலிருந்தே மீட்டிங் போட்டதில் கான்ஃபரன்ஸ் ரோல் வேறு வீங்கிப் போயிருந்தது. பச்சைக் கோடு மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகி ஏறியதைக் கோகிலவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். திரையில் ரோலுக்கு ஒன்றாக நாலு கட்டங்கள், நாலாவது மிஸ்டு காலுடையது. டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாலாவது கட்டம் சாம்பல் நிறத்துக்கு மாறியது. அலாரம்கூட அடிக்கவில்லை. கடைசி வரிக்கு அலாரம் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அவள்தான்.

இனி யார் அடித்தாலும் அந்தப் பெண்குரல் மூன்று பாஷையில் வருத்தம் தெரிவிக்கும், அத்தோடு சரி. யார் கூப்பிட்டார், எப்போது கூப்பிட்டார் என்று எங்கேயும் எழுதிவைக்க ஆள் இல்லை. சுடலைக்கண்ணன் பட்டனை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். இதற்கு முன்னாலேயே அவன் அடித்திருந்தாலும் அந்தச் சேதியும் போயிற்று, அனுப்பக் காத்திருந்ததையெல்லாம் சேர்த்துத்தான் அந்த ரோல் விழும்.

எழுந்து சாய்நாத்தின் மேஜைக்குப் போனாள். அவர் ரெண்டு காதிலும் ரெண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சார், மிஸ்டு கால் ரோலை மட்டும் கையால எழுப்பிடட்டுமா?"

"எதுக்கு இப்போ? லோடு இறங்கட்டும், தானா ஏந்துக்கும்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதை எழுப்பப் போய் மேல இருக்கற மூணும் படுத்துண்டா, ஊர் பூரா ஃபோன் போயிடும். இன்னிக்கிப் பாத்து."

அவர் சொன்னது சரி. அவள் எழுதிய நடைமுறையையே அவர் அவளுக்குத் திருப்பிச் சொல்கிறார். இந்த மழையில் யாரோ ஒருத்தி பிள்ளையைத் தேடிக் கூப்பிடுவாள். அந்த அழைப்பை வெட்டிவிட்டுத் தன் வீட்டு மிஸ்டு காலைத் தூக்கிவிட அவளுக்கும் மனசு வராது. திரும்பி நடந்திருக்கலாம். நடக்கவில்லை.

"என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது சார்" என்றாள். "ஸ்ட்ரோக். ரெண்டு வருஷமாச்சு. மிஸ்டு கால் குடுத்துதான் எதுவும் சொல்லுவார். இன்னைக்கு ஒண்ணு கேட்டிருந்தேன்."

சாய்நாத் ஒரு காதிலிருந்ததை எடுத்தார், அப்புறம் இன்னொன்றையும் எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தார். ஐயோ என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை.

"அந்த வரிசை போட்டன்னிக்கி சொல்லப்படாதோ?" என்றார். கேட்டபிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போங்கோ. வெளில போய் ஃபோன் பண்ணிட்டு வாங்கோ. நான் இங்க உக்காந்துக்கறேன்."

லாக்கர் இருக்கும் நடையில் ஏசி காற்று வராது. மழை வாசனையும் ஈர ஷூக்களின் வாசனையும் கலந்து அடித்தது. ஃபோனைப் போட்டாள். அது ஆடி அசைந்து கண்விழிக்கும் வரை சுவரில் சாய்ந்து நின்றாள். வங்கிக்காரன் மெசேஜ் ஒன்று வந்தது. மழை எச்சரிக்கை ஒன்று வந்தது. அவ்வளவுதான். அவன் நம்பரிலிருந்து ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று கண்ட அந்த நொடியில் அவளுக்கு உடம்பு லேசாயிற்று. அது உண்மை. தோளிலிருந்து ஏதோ இறங்கியது. போகச் சம்மதித்துவிட்டான், எல்லாம் முடிந்தது, ராத்திரி தூங்கலாம். நாலாவது கட்டம் சாம்பலாகக் கிடப்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த ரெண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்து அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்துவிட்டது. இந்த மௌனத்தை அவள் எடுத்துக்கொண்டால் யாராலும் குற்றம் சொல்ல முடியாது. சொன்னபடி அடிக்கவில்லையே என்றால் பேச்சு முடிந்தது. நோடு விழுந்த கதை பூலோகத்துக்குப் புரியவும் புரியாது. சுடலைக்கண்ணன் அடித்தே இருந்தாலும் அதைச் சொல்ல அவனுக்கு வாய் கிடையாது.

கையிலிருந்த ஃபோன் அடித்தது. பூலோகம்.

"கோகிலா, எடுத்துட்டியா, நல்லதாப் போச்சு. இங்க மழை கூடிட்டு வருதும்மா. சந்துல கணுக்கால் தண்ணி. இப்பமே டாக்ஸி பிடிச்சாத்தான் தாதர் போய்ச் சேரலாம்னு ஷகீல் பாய் சொல்லுதாரு. வண்டிக்கு ஆள் அனுப்பியிருக்காரு. இவனுக்குச் சட்டையெல்லாம் மாட்டி ரெடியா உக்கார வச்சிருக்கேன். கெளம்பட்டா?"

அவுக ஃபோனை எடுத்துப் பாருங்க அத்தான், எனக்கு அடிச்சிருக்காகளா என்று கேட்டிருக்கலாம். அந்த பட்டன் ஃபோனில் யாருக்கு அடித்தான் என்பது இருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. அடித்திருந்தால், அண்ணன் கண்முன்னால் அவன் பிடிபடுவான். அண்ணனோடு போகமாட்டேன் என்று பெண்டாட்டிக்கு ரகசியமாகச் சொன்னவனாக, தலை குனிந்து, ஆங் என்றுகூட சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பான். அடிக்காமல் இருந்தால் அடுத்த நிமிஷமே டாக்ஸியில் இருப்பான். ஏன் அடிக்கவில்லை, நிஜமாகவே போக நினைத்தானா, தனக்காகவா, இல்லை விரல் வழுக்கிற்றா என்று அவள் இனி எந்தக் காலத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

"அவுக மிஸ்டு கால் அடிச்சிட்டாக அத்தான்" என்றாள். "போக இஷ்டமில்லையாம்."

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேல் பூலோகத்தின் குரல் ஏறியது.

"எப்பம் அடிச்சான்? எம் பக்கத்துலயேதான உக்காந்திருக்கான்."

"நீங்க குளிக்கப் போனப்ப அடிச்சிருப்பாக. காலையில அப்படித்தான் பேசி வச்சிருந்தோம். வேண்டாம்னா அடிக்கச் சொல்லியிருந்தேன்."

"எங்கிட்ட வாரேன்னுதான சொன்னான்." பூலோகத்தின் குரல் இறங்கியது. கோபமாக இருந்திருந்தால் தேவலை. "எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுருக்கான் பாத்தியா. நான் என்ன கொன்னா போடுவேன்? சரி தாயி. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், அவனும் கேட்டுக்கிட்டுதான் இருக்கான். ஏடே, நெசமாடே? போகாண்டாமா?"

"ஆங்" என்று கேட்டது.

ரெண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த ஆங்குக்கு அவளால் அர்த்தம் பிரிக்க முடியவில்லை. மழைச் சத்தத்திலா, ஸ்பீக்கரில் தேய்ந்ததாலா, தெரியவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நேர்க்கோடாக ஒரு ஆங்.

மத்தியானத்துக்கு மேல் மழை விட்டது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சாய்நாத் சொன்னதுபோலவே நாலாவது கட்டம் தானாக எழுந்து பச்சையாகி, ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றது. ஷிஃப்ட் முடியும்போது ரிப்போர்ட் எழுத வேண்டும். பாதிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று அவள் யோசித்தாள். வராமல் போன சேதிகள் எத்தனை என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. சாய்நாத் பின்னால் வந்து நின்று, "நாளைக்கி அந்த வரிசையை மறுபடி உக்காந்து பாப்போம்" என்றார். பார்த்தாலும் எது கீழே போகும், எது மேலே வரும்? ஏதாவது ஒன்று கடைசியில் இருந்துதான் ஆகவேண்டும். அவளுக்கு அதைப் பற்றிப் பேச இப்போது தெம்பில்லை. சரி சார் என்றாள்.

ரயில் ஓடவில்லை. முலுண்டுவரை பஸ், அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து ஒரு ஷேர் டாக்ஸி, அதன் டிரைவர் சயான் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டான். சல்வாரை முழங்காலுக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஃபோனை ஒரு ஜிப்லாக் கவரில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். தொண்ணூறு அடி ரோட்டில் கடைக்காரர்கள் தண்ணீரை வாளியால் அள்ளித் தெருவுக்கு ஊற்ற, தெரு அதைத் திருப்பிக் கடைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கால் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வீட்டில் யார் இருப்பார்கள் என்ற யோசனைதான் ஓடியது. அண்ணன் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை, எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை.

கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே சுடலைக்கண்ணன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஃபர்ஸானா அவனுக்கு டீ ஊட்டிவிட்டுத் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவர் எப்போதோ கிளம்பிவிட்டார், கிளம்புமுன் இவருக்கு என்ன பண்ணியிருக்கிறார் பாருங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அவள் போனாள்.

பூலோகம் தம்பிக்குச் சவரம் செய்துவிட்டிருந்தார். கோகிலவாணி வாரம் ஒருமுறை அவசரமாகச் செய்கிற மாதிரி இல்லை. மீசையை ஒழுங்காகக் கத்தரித்து, காதோரம் மயிரெல்லாம் எடுத்து, கன்னத்தில் பவுடர்கூடப் போட்டிருந்தது. ஊருக்குப் போகிற சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தார். அவனுடைய பை மட்டும் மாலா என்கிற மச்சுக்கு ஏறும் ஏணியடியில், கட்டிய கட்டாகவே இருந்தது. அவிழ்க்க அவருக்கு மனசு வரவில்லைபோல. அழுத முகமாகப் போயிருப்பாரோ என்று நினைத்தாள்.

ஈரத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்தான். ஃபோனில் அவள் பேசிய பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். அது பொய்யா நிஜமா என்று அவளைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். மடியில் அந்த பட்டன் ஃபோன் கிடந்தது. எடுத்தாள். ரெண்டு பட்டன் அழுத்தினால் போதும், இன்றைக்கு யாருக்கு அடித்தான், அடித்தானா என்று வந்துவிடும். கட்டைவிரலை முதல் பட்டன்மேல் வைத்தாள். அவன் தடுக்கவில்லை. அவள் கையையும் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முடியலங்க" என்றாள். "நீங்க போயிருந்தா இன்னைக்கு நல்லாத் தூங்கியிருப்பேன். ஃபோன்ல ஒண்ணும் வரலன்னதும் எனக்கு சந்தோசமா இருந்துச்சு. ஒரு நிமிசம். நெசமாவே இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுவாள் என்று அவளே எதிர்பார்த்தாள். அழுகைக்கும் தெம்பில்லாமல் இருந்தது. அவன் ஆங் என்று சொல்லவில்லை.

அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். ஃபோனைப் பார்க்காமலே அவனுடைய இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். அப்புறம் குனிந்து, துப்பட்டா நுனியைத் தரையில் பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் ஓடிக் கதவிடுக்கு வழியாக வெளியே போயிற்று.

பின்னால் பட்டன் ஒன்று நீளமாக அழுந்துகிற சத்தம் கேட்டது.

கைப்பைக்குள் அவள் ஃபோன் அடித்தது. அவன் கூப்பிட்டு அது மணியாக அடித்து அவள் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஞாபகமில்லை. அந்தச் சின்ன கோலிக்கு அது பெரிய சத்தமாக இருந்தது. ஒரே ஒரு முறை முழுதாக அடித்தது. ரெண்டாவது தொடங்குவதற்குள் அவன் வெட்டினான்.

அவள் திரும்பவில்லை. திறந்திருந்த பைக்குள், தண்ணீர் கோத்த ஜிப்லாக் கவரின் உள்ளே, அவன் பெயர் வெளிச்சமாகத் தெரிந்தது. அது அணைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.